பிரவுசர் மாற்றுவது எப்படி: கோத்தகிரி கடையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து மேலே ஏறி வரும் சந்தில் ஒரு பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். மூன்று கணினி, ஒரு பிரின்டர், ஒரு லேமினேஷன் மிஷின், அப்புறம் பேப்பர் கட்டு வைக்கும் மரப்பெட்டிக்குள் மழைக்காலம் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும் ஒரு குண்டு பல்பு. அந்தப் பல்பு இல்லாவிட்டால் இந்த ஊர் ஈரத்துக்குப் பேப்பர் நமுத்துப்போய், பிரின்டர் இரண்டிரண்டு தாளாக இழுக்கும். முதல் வருடம் இது தெரியாமல் பிரின்டரைப் பழுது பார்க்க இரண்டு முறை குன்னூருக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பிரின்டரில் ஒன்றுமே இல்லை.

பிரவுசர் கதையும் கிட்டத்தட்ட இதுதான். "இந்த பிரவுசர்ல இந்த சைட் வராதுங்க" என்று யாராவது சொன்னால், பத்தில் ஏழெட்டு தடவை பிரவுசர் மேல் தப்பே இருக்காது. போன வருடம் மூன்று கணினியையும் குரோமிலிருந்து ஃபயர்பாக்ஸுக்கு மாற்றினேன். மாற்றும் வேலை அரை மணி நேரம்தான். எந்தத் தளம் எதனால் முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் ஒரு நோட்டில் கிறுக்கி வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். இது ஃபயர்பாக்ஸுக்கு ஆள் பிடிக்கும் கட்டுரை இல்லை. நீங்கள் எதிலிருந்து எதற்குப் போனாலும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில், எதற்குப் போகிறீர்கள்?

பிரவுசர் என்பது ஒரு வண்டி என்றால் உள்ளே ஓடும் இன்ஜின் வேறு. குரோம், எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி எல்லாமே குரோமியம் என்ற ஒரே அடித்தளத்தில் கட்டியவை, உள்ளே இருப்பது பிளிங்க் என்ற இன்ஜின். எட்ஜ்கூட 2020 ஜனவரியில் இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸில் ஓடுவது கெக்கோ, ஆப்பிளின் சஃபாரியில் ஓடுவது வெப்கிட். ஆகவே குரோமிலிருந்து எட்ஜுக்கோ பிரேவுக்கோ போகிறவர்களுக்குத் தளங்கள் உடைவது அபூர்வம். ஃபயர்பாக்ஸுக்குப் போனால்தான் அங்கங்கே இடிக்கும்.

அப்புறம் ஏன் போக வேண்டும்? எனக்கு இருந்த காரணம் விளம்பரம். இங்கே மழை நாளில் லைன் இழுத்து இழுத்து வரும், அதில் வீடியோ விளம்பரமும் சேர்ந்து இறங்கினால் வேலைக்கு ஆகாது. யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானை நம்பித்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். பிரவுசரோடு சேர்க்கும் இப்படிப்பட்ட குட்டி மென்பொருளுக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றியதில் 2024, 2025இல் அந்தப் பழைய முழு வடிவம் அங்கே நின்றுபோய், இப்போது லைட் வடிவம்தான் ஓடுகிறது. ஃபயர்பாக்ஸில் முழு வடிவம் அப்படியே இருக்கிறது. பலருக்கு லைட்டே போதும். போதும் என்றால் மாறவே வேண்டாம், இதோடு நிறுத்திவிட்டு வேறு வேலை பாருங்கள்.

இன்னொரு ரகம், விண்டோஸ் 7 போட்ட பழைய கணினி வைத்திருப்பவர்கள். மலையில் இது நிறைய உண்டு, லாட்ஜ் கவுன்டர், எஸ்டேட் ஆபீஸ், மருந்துக்கடை. அதற்குக் குரோமின் கடைசிப் பதிப்பு 109, அது 2023 ஜனவரியில் வந்தது. ஃபயர்பாக்ஸில் 115 இஎஸ்ஆர் என்று ஒரு நீண்டகாலப் பதிப்பை விண்டோஸ் 7க்காக அதற்குப் பிறகும் பாதுகாப்புத் திருத்தங்களோடு நீட்டித்து வந்தார்கள். ஆனால் அது ஓட்டைக் கூரைக்குத் தார்ப்பாய் போடுவது மாதிரி. அந்தக் கணினியில் பேங்க் வேலை செய்யாதீர்கள்.

எப்போது மாற்றுவது

இதை யாரும் சொல்வதில்லை, ஆனால் எனக்கு இதுதான் முதல் படி. ஏப்ரல், மே இரண்டிலும் தொடாதீர்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயம் ஆனதிலிருந்து ஹோம்ஸ்டே வைத்திருக்கிறவர்களுக்கெல்லாம் சீசனில் ஒரு உபரி வேலை சேர்ந்துவிட்டது. கீழே மேட்டுப்பாளையத்தில் நின்றுகொண்டு விருந்தாளி போன் போடுவார், "பாஸ் எடுக்கலைங்க, நீங்களே எடுத்துக் குடுங்க" என்று. 2025 சீசனில் ஊட்டிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் வந்தது. அந்த நேரத்தில் புது பிரவுசரில் மெனு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தால் திட்டு விழும்.

ஜிஎஸ்டி தாக்கல் செய்கிறவர்கள் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். இலைத்தூள் வியாபாரம் என்றால் குன்னூர் ஏல நாளில் வேண்டாம். மழை பெய்து கடை காலியாகக் கிடக்கும் ஒரு ஜூலை மாத மதியம்தான் சரியான நேரம்.

மூட்டை கட்டுவது

புது பிரவுசரை நிறுவும் முன்னால் ஒரு தாளில், ஒரு மாதத்தில் நீங்கள் திறக்கும் தளங்களை எழுதுங்கள். ஞாபகத்திலிருந்து எழுதினால் பாதி விட்டுப்போகும். ஹிஸ்டரியைத் திறந்து பார்த்து எழுதுங்கள். என் பட்டியலில் 31 வந்தது. பட்டா சிட்டா, வில்லங்கச் சான்று, மின்கட்டணம், ஐஆர்சிடிசி, தேர்வு விண்ணப்பங்கள், ஆதார், இ-பாஸ், மூன்று பேங்க், ஒரு கூரியர். இந்தத் தாள் பின்னால் வேண்டும், பத்திரமாக வையுங்கள்.

புக்மார்க் எடுப்பது எளிது. குரோமில் கன்ட்ரோல், ஷிஃப்ட், ஓ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புக்மார்க் பட்டியல் திறக்கும். மேலே மூன்று புள்ளி மெனுவில் எக்ஸ்போர்ட் என்று இருக்கும். ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைக்கும். ஃபயர்பாக்ஸிலும் அதே மூன்று விசைதான், அங்கே 'இம்போர்ட் அண்ட் பேக்கப்' மெனுவில் அந்தக் கோப்பைக் காட்டினால் வந்துவிடும். இந்தச் சிரமமே வேண்டாம் என்றால் ஃபயர்பாக்ஸ் செட்டிங்ஸில் 'இம்போர்ட் பிரவுசர் டேட்டா' இருக்கிறது. அது புக்மார்க்கையும் ஹிஸ்டரியையும் தானே இழுத்துக்கொள்ளும். ஆனாலும் கோப்பாக ஒரு பிரதி எடுத்து பென் டிரைவில் போட்டு வைப்பது என் பழக்கம், ஏனென்றால் இங்கே மின்சாரம் எப்போது போகும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

பாஸ்வேர்டு வேறு விஷயம். விண்டோஸில் அது நேரடியாக வராமல் போகலாம். குரோமின் பாஸ்வேர்டு மேனேஜரில் செட்டிங்ஸ் போய் 'எக்ஸ்போர்ட்' கொடுத்தால் சிஎஸ்வி கோப்பாக இறங்கும். ஃபயர்பாக்ஸில் பாஸ்வேர்டு பக்கத்தைத் திறந்து, மூன்று புள்ளியில் 'இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல்' கொடுத்து அதைச் சேர்க்க வேண்டும். சேர்த்த கையோடு அந்தக் கோப்பை அழியுங்கள், ரீசைக்கிள் பின்னிலிருந்தும் சேர்த்து. அதை நோட்பேடில் திறந்தாலே எல்லாப் பாஸ்வேர்டும் பச்சையாகத் தெரியும், பூட்டு கீட்டு எதுவும் கிடையாது.

நான் அப்படி அந்தக் கோப்பைத் திறந்த அன்றைக்குச் சும்மா சொல்லக்கூடாது, கை நடுங்கிவிட்டது. என்னுடையது பதினைந்து இருக்கும். மீதி முந்நூறுக்கு மேல் வாடிக்கையாளர்களுடையது. "சேவ் பாஸ்வேர்டு?" என்று பிரவுசர் கேட்கும்போதெல்லாம் யார் யாரோ அவசரத்தில் 'எஸ்' தட்டியிருக்கிறார்கள். கீழ்க்கோத்தகிரியிலிருந்து தேர்வுக்கு விண்ணப்பிக்க வந்த பையன்கள், பென்ஷன் பார்க்க வந்த பெரியவர்கள், பாதி ஊர் அந்தப் பட்டியலில் இருந்தது. புது பிரவுசருக்கு ஒன்றைக்கூடக் கொண்டுபோகவில்லை. என்னுடைய பதினைந்தையும் கையால் அடித்தேன், பழையதில் எல்லாவற்றையும் அழித்தேன். உங்கள் கணினியை இரண்டு பேருக்கு மேல் தொடுகிறார்கள் என்றால், மூட்டையை அப்படியே தூக்கிப் போகாதீர்கள், பிரித்துப் பாருங்கள்.

புது வீட்டில் முதல் நாள்

ஃபயர்பாக்ஸை மோசில்லா தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடலில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தட்டாதீர்கள்.

பொதுக் கணினி என்றால் செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், பாஸ்வேர்டு சேமிக்கக் கேட்பதை நிறுத்துங்கள். பிரவுசரை மூடும்போது குக்கிகளை (நம்மை அடையாளம் வைத்துக்கொள்ளத் தளங்கள் விட்டுப்போகும் குட்டிக் குறிப்புகளை) அழிக்கச் சொல்லும் கட்டத்தில் டிக் போடுங்கள். வீட்டுக் கணினி என்றால் இந்த இரண்டும் வேண்டாம், அதற்குப் பதிலாக 'பிரைமரி பாஸ்வேர்டு' ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், சேமித்த பாஸ்வேர்டுகளுக்கு அதுதான் திறவுகோல்.

எக்ஸ்டென்ஷன்களைப் பொறுத்தவரை, பழையதில் பன்னிரண்டு இருந்தது என்பதற்காகப் பன்னிரண்டையும் தேடிப் பிடிக்காதீர்கள். முதல் வாரம் யூபிளாக் ஆரிஜின் ஒன்று மட்டும் போதும். நிறைய போட்டுவிட்டால் பின்னால் ஒரு தளம் உடையும்போது யார் உடைத்தது என்று தெரியாது.

உடனே இதையே டிஃபால்ட் பிரவுசர் ஆக்கவும் வேண்டாம். ஒரு வாரம் போகட்டும்.

தமிழ் எழுத்து விஷயம்

இதற்குத் தனியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் ஆங்கிலத்தில் எழுதும் வழிகாட்டிகளில் இது இருக்காது.

குரோமில் தமிழ் தட்டச்சு செய்ய நிறைய பேர் கூகுள் இன்புட் டூல்ஸ் எக்ஸ்டென்ஷனை வைத்திருப்பார்கள். அது குரோமுக்கானது, ஃபயர்பாக்ஸுக்கு நம்மோடு வராது. பிரவுசரை நம்பாமல் விண்டோஸிலேயே தமிழைச் சேர்த்துவிடுவதுதான் நல்லது. மொழி செட்டிங்ஸில் தமிழைச் சேர்த்தால் தமிழ்99, ஒலிப்பு முறை விசைப்பலகைகள் கிடைக்கும், விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்துத் தட்டினால் மாறும். பழைய விண்டோஸ் என்றால் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இருக்கவே இருக்கிறது. இப்படி வைத்துவிட்டால் நாளைக்கு வேறு பிரவுசருக்கு மாறினாலும் கவலை இல்லை.

அடுத்தது பழைய எழுத்துரு. ஒரு சொசைட்டி சுற்றறிக்கையையோ பழைய மனுவையோ வேர்டிலிருந்து நகலெடுத்து இணையப் படிவத்தில் ஒட்டினால் தமிழ் போய், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்ற சொல், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு எழுத்தும் ஒரு அரைப்புள்ளியுமாகத் தெரியும். "பிரவுசர் மாத்தினதும் தமிழ் வரலையேப்பா" என்று ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். பிரவுசருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும்தான், மேலே தமிழ் உருவத்தைப் போர்த்தி வைத்திருக்கிறார்கள். போர்வையை எடுத்தால் உள்ளே இருப்பது தெரிகிறது. என்எச்எம் கன்வெர்ட்டர் மாதிரி ஒன்றில், எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு எழுத்து முறைக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனாலும் பழைய கோப்புகள் சாகாது.

ஃபயர்பாக்ஸில் எனக்குப் பிடித்த ஒரு வசதி இந்த இடத்தில்தான் இருக்கிறது. செட்டிங்ஸில் எழுத்துரு பகுதியில் 'அட்வான்ஸ்டு' தட்டினால், ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாக எழுத்துருவும் அளவும் வைக்கலாம். தமிழைத் தேர்ந்தெடுத்து நிர்மலா அல்லது லதா வைத்து, குறைந்தபட்ச அளவு 15 என்று போட்டுவிட்டேன். கண்ணாடி மறந்துவிட்டு வரும் பெரியவர்கள் அதற்கப்புறம் திரையை முட்டிக்கொண்டு பார்ப்பதில்லை.

தளம் முரண்டு பிடித்தால் என்ன வரிசையில் பார்ப்பது

இனிதான் உண்மையான வேலை. அந்தத் தாளை எடுத்து ஒவ்வொரு தளமாகத் திறந்து, லாகின் செய்து, கடைசிப் படி வரைக்கும் போய்ப் பாருங்கள். முகப்பு திறந்துவிட்டது என்பதற்காக டிக் போடாதீர்கள். உடைவது எப்போதும் பணம் கட்டும் பக்கத்தில், அல்லது ரசீது இறக்கும் இடத்தில்.

ஏதாவது வரவில்லை என்றால் முதலில் திரையின் ஓரத்தில் தேதியைப் பாருங்கள். சிரிக்காதீர்கள். பழைய கணினியில் மதர்போர்டு மேல் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். அப்போது எந்த பிரவுசரைத் திறந்தாலும் "இணைப்பு பாதுகாப்பானது இல்லை" என்றுதான் வரும், ஏனென்றால் தளம் தன்னை அடையாளம் காட்டும் சான்றிதழுக்குக் காலவரம்பு உண்டு, உங்கள் கணினியோ அந்தக் காலத்துக்கு வெளியே நிற்கிறது. சிஆர் 2032 என்று கேட்டால் வாட்ச் கடையில் கிடைக்கும்.

தேதி சரியாக இருந்தால், அதே தளத்தைப் பழைய பிரவுசரில் திறந்து பாருங்கள். அங்கேயும் வரவில்லையா? அப்படியானால் தளம் படுத்திருக்கிறது, அல்லது உங்கள் லைன். டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பழையதில் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால்தான் மேலே போக வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் அழுத்தி முழுதாகப் புதுப்பியுங்கள். அப்புறம் பிரைவேட் விண்டோவில் முயலுங்கள். அதில் வந்துவிட்டால் பெரும்பாலும் பழைய குக்கிதான் காரணம், அந்தத் தளத்தின் குக்கியை மட்டும் அழித்துப் பாருங்கள். வரவில்லையா, முகவரிப் பட்டையில் இடப்பக்கம் ஒரு கேடயம் தெரியும், அதைத் தட்டி இந்தத் தளத்துக்கு மட்டும் பாதுகாப்பை நிறுத்துங்கள். ஃபயர்பாக்ஸ் 2022இலிருந்து ஒவ்வொரு தளத்தின் குக்கியையும் தனித்தனி ஜாடியில் அடைத்து வைக்கிறது. ஒரு தளத்திலிருந்து பேங்க் பக்கத்துக்குப் போய்த் திரும்பி வரும்போது, பழைய முறையை நம்பிக் கட்டிய சில தளங்களுக்கு நம்மை அடையாளம் தெரியாமல் போகும். விளம்பரத் தடுப்பானையும் ஒரு முறை நிறுத்திப் பாருங்கள். அதுவும் இல்லை என்றால் உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட் மோட்', அதில் எல்லா எக்ஸ்டென்ஷனும் தற்காலிகமாக அணைந்து திறக்கும்.

பாப்-அப்பைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரவேணுவிலிருந்து ஒரு அக்கா மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்கு வந்தார். வெளியே மூடுபனி, எதிர்க்கடை தெரியவில்லை. என் கடைக்குள் அவருடைய போனுக்கு சிக்னல் கிடையாது, சந்து திரும்பும் மதில் ஓரத்தில்தான் இரண்டு கோடு வரும். நான் ஓடிபி அனுப்பும் பொத்தானைத் தட்டிவிட்டு உள்ளேயிருந்து கத்துகிறேன், "அக்கா, வந்துச்சா?" "வந்துருச்சு தம்பி, நாலு, ஏழு, ஏழு..." முதல் முறை அவர் சொல்லி முடிப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. இரண்டாவது முறை ஓடிபி சரியாக விழுந்தது, 'பே' பொத்தானை அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அழுத்தினேன். மறுபடியும். "பிரவுசரை மாத்தினதுதான் தம்பி" என்று பக்கத்து சீட்டிலிருந்து ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார். பக்கத்தின் உச்சியில் ஒரு மெல்லிய பட்டை, 'பாப்-அப் தடுக்கப்பட்டது, மூன்று' என்று. நான் அழுத்திய மூன்று தடவையும் பணம் கட்டும் ஜன்னல் திறக்கப் பார்த்திருக்கிறது, பிரவுசர் வாசலிலேயே நிறுத்தியிருக்கிறது. அனுமதி கொடுத்ததும் வேலை முடிந்தது. பொத்தான் செத்த மாதிரி இருந்தால் கண்ணை முதலில் பக்கத்தின் உச்சிக்குக் கொண்டுபோங்கள், மறுபடி மறுபடி அழுத்தாதீர்கள், மூன்று ஜன்னலும் ஒன்றாகத் திறந்தால் மூன்று முறை பணம் போகும் ஆபத்தும் உண்டு.

'குரோமில் மட்டுமே வேலை செய்யும்' என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தளங்கள் இன்னொரு வகை. ஒவ்வொரு பிரவுசரும் தளத்துக்குள் போகும்போது தன் பெயரைச் சொல்லிவிட்டுப் போகும், அதற்கு யூசர் ஏஜென்ட் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால் குரோம் உட்பட எல்லா பிரவுசரும் தன்னை 'மோசில்லா 5.0' என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கிறது. நெட்ஸ்கேப் காலத்தில், அந்தப் பெயர் சொன்னால்தான் தளங்கள் நல்ல பக்கத்தைக் காட்டின, அதனால் பின்னால் வந்த எல்லோரும் அந்தப் பெயரையே ஒட்டிக்கொண்டார்கள். இப்போது அதே ஆட்டம் திரும்பி நடக்கிறது. யூசர் ஏஜென்ட் மாற்றும் ஆட்-ஆன் ஒன்றைப் போட்டு, அந்த ஒரு தளத்துக்கு மட்டும் குரோம் என்று சொல்ல வைத்தால் பல நேரம் கதவு திறந்துவிடும். வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள், மறந்தால் வேறு தளம் கெடும். இந்த வேலையை ஃபயர்பாக்ஸே சில தளங்களுக்கு ரகசியமாகச் செய்கிறது. முகவரிப் பட்டையில் ஆங்கிலத்தில் அபவுட், முக்காற்புள்ளி, காம்பாட் என்று இடைவெளி இல்லாமல் அடித்துப் பாருங்கள், பெரிய பெரிய தளங்களின் பெயரெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கும்.

கருவி செருகும் இடங்கள்

டிஎஸ்சி டாங்கிள் (டிஜிட்டல் கையெழுத்து இருக்கும் யூஎஸ்பி கருவி), விரல்ரேகைக் கருவி, சிசிடிவி, இந்த மூன்றும்தான் பிரவுசர் மாற்றுகிறவர்களை அழ வைப்பவை.

ஒரு தேயிலை ஃபாக்டரியின் கணக்கர் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாங்கிள் செருகியிருக்கிறது, விளக்கு எரிகிறது, 'சைன்' அழுத்தினால் சத்தமே இல்லை. முன்பெல்லாம் கையெழுத்துப் போடும் வேலை ஜாவா ஆப்லெட் என்ற குட்டி நிரலாக பிரவுசருக்குள்ளேயே ஓடியது. குரோம் 2015இலும் ஃபயர்பாக்ஸ் 2017இலும் அந்த வகை பிளக்-இன்களை வெளியே தள்ளிவிட்டன. இப்போது கையெழுத்து மென்பொருள் தனியாக உங்கள் கணினியிலேயே ஒரு குட்டி சர்வராக உட்கார்ந்திருக்கும், முகவரி 127.0.0.1, பின்னால் ஒரு போர்ட் எண். தளம் அந்தக் குட்டி சர்வரோடு பேச வேண்டும். அது காட்டும் சான்றிதழ் அதுவே எழுதிக்கொண்டது, அதனால் பிரவுசர் நம்பாமல், சொல்லாமல் கொள்ளாமல் துண்டித்துவிடும்.

செய்ய வேண்டியது இது. அந்த மென்பொருள் ஓடுகிறதா என்று கடிகாரத்துக்குப் பக்கத்தில் பாருங்கள், இல்லை என்றால் 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறங்கள். அதன் உதவிக் குறிப்பில் இருக்கும் முகவரியைப் போர்ட் எண்ணோடு புது டேபில் அடியுங்கள். எச்சரிக்கை வரும், 'அட்வான்ஸ்டு' தட்டி ஏற்றுக்கொள்ளுங்கள். பழைய டேபுக்கு வந்து மறுபடி 'சைன்'. கணக்கருக்கு இரண்டே நிமிடத்தில் வேலை முடிந்தது. இந்த எச்சரிக்கையை மீறலாம் என்பது 127.0.0.1க்கு மட்டும்தான், அது உங்கள் கணினியே. பேங்க் தளத்தில் இதே எச்சரிக்கை வந்தால் மூடிவிட்டு எழுந்துவிடுங்கள்.

விண்டோஸில் நாம் சேர்த்த சான்றிதழ்களைக் குரோம் ஏற்றுக்கொள்ளும்போது, ஃபயர்பாக்ஸ் தன் பட்டியலைத் தனியாக வைத்திருப்பதும் இந்தத் துண்டிப்புக்கு ஒரு காரணம். 120ஆம் பதிப்பிலிருந்து அந்தச் சான்றிதழ்களையும் ஃபயர்பாக்ஸ் தானாக எடுத்துக்கொள்கிறது. 115 இஎஸ்ஆரில் இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம்.

விரல்ரேகைக் கருவியும் இதே வழிதான், ஆர்டி சர்வீஸ் என்ற மென்பொருள் 127.0.0.1இல் 11100 முதல் 11120 வரையுள்ள ஏதோ ஒரு போர்ட்டில் காத்திருக்கும். சமீபத்திய குரோமில் ஒரு தளம் உங்கள் கணினியில் ஓடும் இப்படிப்பட்ட மென்பொருளோடு பேசலாமா என்று தனியாக அனுமதி கேட்கும். அவசரத்தில் 'பிளாக்' தட்டிவிட்டு, கருவி கெட்டுவிட்டது என்று ஊட்டிக்குக் கொண்டுபோனவர்கள் உண்டு. முகவரிப் பட்டையின் இடப்பக்கம் தட்டி அந்த அனுமதியைத் திருப்பிக் கொடுங்கள்.

சிசிடிவி படத்தைப் பதிவு செய்யும் டிவிஆர் பெட்டி பழையது என்றால் வேறு கதை. அதன் பக்கம் ஆக்டிவ்-எக்ஸ் என்ற பழைய பிளக்-இன்னைக் கேட்கும், அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் ஓடுவது. எக்ஸ்ப்ளோரர் 2022 ஜூன் 15இல் ஓய்வு பெற்றுவிட்டது. எட்ஜ் செட்டிங்ஸில் 'டிஃபால்ட் பிரவுசர்' பகுதிக்குள் ஐஇ மோட் என்று, பழைய எக்ஸ்ப்ளோரர் முறையில் பக்கத்தைத் திறக்கும் ஒன்று இருக்கிறது, அதை இயக்கி டிவிஆர் முகவரியைச் சேர்த்தால் படம் வரும். 30 நாளில் அந்த அனுமதி காலாவதியாகும், மறுபடி சேர்க்க வேண்டும். 2029 வரையாவது இது இருக்கும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஃபயர்பாக்ஸில் இதற்கு வழியே இல்லை, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

பிடிஎஃப், பிரின்ட்

சில அரசுப் படிவங்களைத் திறந்தால் 'பிளீஸ் வெயிட்' என்று ஒரு பக்கம் மட்டும் வந்து அப்படியே நிற்கும். விடிய விடியக் காத்திருந்தாலும் மாறாது. அது எக்ஸ்எஃப்ஏ என்ற பழைய வகைப் படிவம். ஃபயர்பாக்ஸ் 93ஆம் பதிப்பிலிருந்து இதைத் திறக்கும், மற்ற பிரவுசர்களில் திறக்காததுண்டு. மாறியதில் கிடைத்த லாபங்களில் ஒன்று. ஆதார் பிடிஎஃப்பில் கையெழுத்தைச் சரிபார்த்து பச்சை டிக் வரவழைக்க வேண்டும் என்றால் பிரவுசர் உதவாது, அக்ரோபேட் ரீடரில்தான் திறக்க வேண்டும்.

பிரின்டில் எழுத்து வந்து வண்ணப் பட்டைகளும் லோகோவும் வராவிட்டால், பிரின்ட் ஜன்னலில் 'மோர் செட்டிங்ஸ்' விரித்து 'பிரின்ட் பேக்கிரவுண்ட்ஸ்' டிக் போடுங்கள். கடைசி இரண்டு வரி மட்டும் அடுத்த தாளுக்குப் போனால் ஸ்கேலை 90க்குக் குறையுங்கள். மேலும் கீழும் வரும் தேதி, முகவரி வேண்டாம் என்றால் 'ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்' டிக்கை எடுங்கள். ஒரு முறை வைத்தால் அடுத்த முறையும் ஞாபகம் வைத்திருக்கும்.

போன்

ஆண்ட்ராய்டு ஃபயர்பாக்ஸிலும் யூபிளாக் போடலாம், டேட்டா தீர்வது கண்கூடாகக் குறைகிறது. மோசில்லா கணக்கில் இரண்டிலும் நுழைந்தால் புக்மார்க் தானே வந்துவிடும். ஐபோனில் எந்தப் பெயரில் பிரவுசர் போட்டாலும் இங்கே உள்ளே ஓடுவது வெப்கிட்தான், தளம் உடைந்தால் பெயரை மாற்றிப் பயனில்லை.

பழையதை என்ன செய்வது

மூன்று வாரம் முடிந்தபோது என் 31இல் ஐந்து தளங்களில் சிக்கல் மிஞ்சியது. அந்த ஐந்தின் பெயரையும் எழுதி மூன்றாவது கணினியின் மானிட்டர் ஓரத்தில் ஒட்டினேன், அதில் மட்டும் குரோமை விட்டுவைத்தேன், டெஸ்க்டாப்பில் அதன் பெயரை 'ஐந்துக்கு மட்டும்' என்று மாற்றினேன். பிறகுதான் ஃபயர்பாக்ஸை டிஃபால்ட் ஆக்கினேன். பழையதில் லாகின் ஆகியிருந்த ஜிமெயிலை வெளியேற்றி, சிங்க்கை அணைத்து, சேமித்திருந்த கார்டு எண்களையும் அழித்தேன். ஆனால் அப்டேட்டை நிறுத்தவில்லை, எப்போதாவது திறக்கும் கதவுக்கும் பூட்டு நன்றாக இருக்க வேண்டுமே.

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அந்த ஐந்தையும் ஃபயர்பாக்ஸில் திறந்து பார்க்கிறேன், தளங்கள் சத்தமில்லாமல் சரியாவதுண்டு. இதுவரை மூன்று வரியை அடித்தாயிற்று. மிச்சம் ஒரு கூரியர் தளம், ஒரு விரல்ரேகைப் பக்கம். டெஸ்க்டாப்பில் பெயர் இன்னும் 'ஐந்துக்கு மட்டும்' என்றே இருக்கிறது.